உறவினர் இல்லையென்று நான் எழுதிக் கொடுத்த கடிதம்

போன வாரம் கவிதா போன் பண்ணுனா. ஆபீஸ்ல என் சீட்டுல இப்ப உக்காந்திருக்கற பொண்ணு. நல்ல பொண்ணு, சுறுசுறுப்பு.

"மேடம், வீடில்லாதவங்க கணக்கெடுப்பு மறுபடி வந்திருக்கு. மத்திய அரசு நிதி, புது வழிகாட்டுதல். போன தடவ நீங்க மூணே நாள்ல முடிச்சீங்களாம்ல? ஆபீஸ்ல இன்னும் அதையே சொல்றாங்க. எப்படி மேடம் முடிச்சீங்க? எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன்."

எனக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சு. அடுப்புல பால் வச்சிருக்கேன்மா, அப்புறம் பேசறேன்னு போன வச்சுட்டேன். பாலும் இல்ல, ஒண்ணும் இல்ல. ரெண்டு நாளு வீட்ல யார்கூடயும் சரியாப் பேசல. மூணாவது நாளு ஒரு நோட்டு வாங்கிட்டு வந்து உக்காந்துட்டேன். அவளுக்குச் சொல்லித்தான் ஆகணும். ஆனா போன்ல சொல்ற விஷயம் இல்ல இது.

ஊர் பேரு வேணாம். அரியலூர் போற பஸ்ஸும் பெரம்பலூர் போற பஸ்ஸும் நின்னு போற ஒரு ஊருன்னு வச்சுக்குங்க. அந்த நகராட்சில நான் சமுதாய அமைப்பாளரா இருந்தேன். பேரு பெருசா இருக்கேன்னு பயப்பட வேணாம். மகளிர் குழுவுக்கு லோன் வாங்கித் தர்றது, தையல் பயிற்சிக்கு ஆள் சேக்கறது, குடிசைப் பகுதில கூட்டம் போடறது, இதுதான் வேலை. மொதல்ல தொகுப்பூதியம், ரொம்ப வருஷம் கழிச்சு நிரந்தரம். பயிற்சின்னு திருச்சில பத்து நாளு உக்கார வச்சு, மதியம் சாப்பாடு போட்டு, ஒரு பைய கையில குடுத்து அனுப்புனாங்க. மத்ததெல்லாம் தெருவுல கத்துக்கிட்டதுதான்.

தெருவுல கத்துக்கிட்ட மொத விஷயத்தச் சொல்றேன். ஒரு குடிசைப் பகுதிய மேம்படுத்த டெல்லில இருந்து நிதி வந்திருந்துச்சு. சிமெண்டு ரோடு, சாக்கடை, தெருவிளக்கு. இந்த மாதிரிப் பணத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. வேலைக்கு முன்னாடி ஒரு போட்டோ, முடிஞ்சப்புறம் ஒரு போட்டோ, ரெண்டும் ஒரே எடத்துல நின்னு எடுக்கணும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு மேல அனுப்புனாத்தான் அடுத்த தவணை வரும். நாங்க கேமராவத் தூக்கிக்கிட்டுப் போனா, தெருவே பளிச்சுன்னு இருக்கு. பொங்கலுக்குன்னு சனங்களே குப்பைய அள்ளிட்டு வாசலுக்கு வாசல் கோலம் போட்டு வச்சிருக்காங்க. கூட வந்த ஓவர்சியர் தலையில கைய வச்சுக்கிட்டாரு.

"என்னங்க மேடம் இது, இந்தத் தெருவ இனிமே எப்படி மேம்படுத்தறது?"

அப்புறம் அவரே குப்பை வண்டிய வரச் சொல்லி, ரெண்டு வண்டி குப்பையக் கோலத்து மேலயே கொட்ட வச்சு, போட்டோ எடுத்துட்டு, திரும்ப அள்ளச் சொன்னாரு. ஒரு பொம்பள வாசல்ல நின்னு எங்களையே பாத்துக்கிட்டு இருந்தா. நான் வழியெல்லாம் சிரிச்சுக்கிட்டே வந்தேன். படம் ரொம்ப நல்லா வந்திருக்குன்னு மேல இருந்து பாராட்டு வந்துச்சு.

அப்படிச் சிரிச்சுப் பழகுனவதான் நான். என்னமோ நான் யோக்கியம் மாதிரியும் மத்தவங்கதான் தப்புப் பண்ணுன மாதிரியும் யாரும் நெனச்சுறக் கூடாதுன்னுதான் இதச் சொல்றேன்.

கடைசி வருஷங்கள்ல எங்களுக்கு ஒரு கமிஷனர் வந்தாரு. கை சுத்தம். யார்கிட்டயும் ஒரு டீ கூட வாங்கிக் குடிக்க மாட்டாரு. குரல உசத்த மாட்டாரு. பியூன்ல இருந்து எல்லாப் பொம்பளைங்களையும் அம்மான்னுதான் கூப்பிடுவாரு. ஒரு ஃபைல் போனா அட்டையில இருந்து கடைசி இணைப்பு வரைக்கும் படிப்பாரு. ஒரு ஸ்டீல் ஸ்கேல வரிக்குக் கீழ வச்சு, வரி வரியா நகத்திக்கிட்டே வருவாரு. நாம எதுக்க நிக்கணும். தப்பு கண்ணுல பட்டா திட்ட மாட்டாரு, ஓரத்துல பென்சில்ல ஒரு சின்னப் புள்ளி வைப்பாரு. அவ்வளவுதான். என்ன தப்புன்னு சொல்லவும் மாட்டாரு, நாமளே கண்டுபிடிச்சுத் திருத்திக் கொண்டு போவணும். "விதியில எடம் இருக்கான்னு பாருங்கம்மா." இதுதான் அவரு அடிக்கடி சொல்ற வார்த்தை. அவரு முடியாதுன்னு சொல்லி நான் கேட்டதே இல்ல.

அவரு காலத்துலதான் வீடில்லாதவங்களுக்குத் தங்குமிடம் கட்டற நிதி எங்க ஊருக்கு வந்துச்சு. மொதல்ல ஊர்ல எத்தன பேரு தெருவுல படுக்கறாங்க, ஆம்பள எத்தன, பொம்பள எத்தன, குடும்பமா எத்தனன்னு எண்ணணும். அதப் பாத்துட்டுத்தான் ஆம்பளைங்க தங்குமிடமா, பொம்பளைங்க தங்குமிடமா, குடும்பத் தங்குமிடமான்னு மேல முடிவு பண்ணுவாங்க. ஒரு நகராட்சிக்கு ஒண்ணு கெடச்சாலே பெரிய விஷயம்.

மகளிர் குழுப் பொண்ணுங்க நாலு பேரச் சேத்துக்கிட்டு விடியக்காலம் கிளம்பிடுவேன். பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட்டு, கோயில் வாசல், பாலத்தடி. கையில ஃபாரம். பேரு, வயசு, ஊனம் உண்டா, தனிநபரா குடும்பமா. குடும்பம்னு டிக் அடிச்சா பின்னாடி ஒரு இணைப்பு நிரப்பணும். அதுல குடும்ப அட்டை நம்பர் கேக்கும். நம்பர் இல்லாட்டி கம்ப்யூட்டர் ஃபாரத்த உள்ளயே விடாது, செவப்பு எழுத்துல திருப்பி அடிக்கும். தெருவுல படுக்கறவன்கிட்ட குடும்ப அட்டை எங்க இருக்கும்? அதக் கேக்கற அறிவு அந்த ஃபாரத்தப் போட்ட மகராசனுக்கு இல்ல.

எங்க குழுவுல தனலட்சுமின்னு ஒரு பொண்ணு, நெதானமானவ. பஸ் ஸ்டாண்டுல டீக்கடை ஓரத்துல இருந்து என்னையக் கூப்பிட்டா.

"மேடம், இங்க ஒரு அம்மாவும் மவனும் இருக்காங்க. குடும்பம்னு போடவா?"

"குடும்ப அட்டை இருக்கா?"

"கொழுந்தன் வூட்ல கெடக்குதாம். தர மாட்டேங்கறாங்களாம்."

"அப்ப ஆளுக்கொரு ஃபாரமாப் போட்டுட்டு வா. மார்க்கெட்டுக்குப் போவணும், பொழுது விடிஞ்சா எல்லாம் எந்திரிச்சுப் போயிடுவாங்க."

அவ தயங்குனா. "ரெண்டு பேரும் ஒண்ணாத்தான மேடம் இருக்காங்க?"

"தனம், சொன்னதச் செய்."

அப்படித்தான் மூணு நாள்ல முடிச்சேன் கவிதா. ஊர்ல ஒண்ணா இருந்தவங்க எல்லாரையும் ஆளுக்கொரு ஃபாரமா வெட்டிப் போட்டேன். புருஷன் ஒரு ஃபாரம், பொண்டாட்டி ஒரு ஃபாரம். கம்ப்யூட்டர் கப்சிப்புன்னு வாங்கிக்கிச்சு. தொகுப்பு அறிக்கையில "குடும்பங்கள்"னு இருந்த எடத்துல "இல்லை"ன்னு வந்துச்சு. கமிஷனர் ஸ்கேல் அந்த வரியில வந்து நின்னுச்சு. பென்சில எடுத்து ஒரு புள்ளி வச்சு ஃபைலத் திருப்பிக் குடுத்தாரு.

நான் என் சீட்டுக்கு வந்து கூட்டல ரெண்டு தடவ போட்டுப் பாத்தேன். ஆம்பள, பொம்பள, பிள்ளைங்க எல்லாம் கூட்டுனா மொத்தம் சரியா வருது. திரும்பக் கொண்டு போயி, "டேலி ஆவுது சார்"னு சொன்னேன். அவரு ஒரு நிமிஷம் என்னையப் பாத்தாரு. "நம்ம ஊர்ல குடும்பமா யாருமே இல்லையாம்மா?" "இல்லைங்க சார்." அவரு புள்ளிய ரப்பரால அழிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டாரு.

பொம்பளைங்க தங்குமிடம் அனுமதியாச்சு. பழைய நகராட்சிப் பள்ளிக்கூடக் கட்டடம் ஒண்ணு ஓடு சரிஞ்சு கெடந்துச்சு. அதச் சரி பண்ணுனோம். தரைக்கு டைல்ஸ், ஜன்னலுக்குக் கொசு வலை, இரும்புக் கட்டிலு, ஆளுக்கொரு பூட்டற பெட்டி, சமையல்கட்டு, தண்ணி சுடவைக்க ஒரு அடுப்பு. நின்னு நின்னு வேலை வாங்குனேன். பொய் சொல்லக் கூடாது, அந்தக் கட்டடம் நல்லாவே வந்துச்சு. முன்னாடி பின்னாடி போட்டோவுக்கு இந்தத் தடவ குப்பை எதுவும் கொட்ட வேண்டி வரல. சரிஞ்ச ஓடே போதுமானதா இருந்துச்சு. வாசல்ல போர்டு வச்சோம். பத்து வயசுக்கு மேல ஆம்பளைப் பிள்ளைங்களுக்கு அனுமதி இல்லைன்னு அதுல ஒரு வரி.

அடுத்த நிதி பஸ் ஸ்டாண்டுக்கு வந்துச்சு. புதுத் தரை, புது லைட்டு, ஸ்டீல் பெஞ்சு. பெஞ்சுல ஆளுக்கு நடுவுல ஒரு கம்பி வச்சிருந்தாங்க. எதுக்குன்னு யாரும் சொல்லல, எல்லாருக்கும் தெரியும். திறப்பு விழாவுக்குப் பத்து நாளு இருக்கையில கமிஷனர் என்னையக் கூப்பிட்டாரு.

"விழா அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல யாரும் படுத்திருக்கக் கூடாதும்மா. ஆனா யாரையும் அடிச்சு விரட்டவும் கூடாது. முறைப்படி தங்க வையுங்க."

அப்பதான் நான் பூங்காவனத்த ஒழுங்காப் பாத்தேன். தனலட்சுமி சொன்ன அந்த அம்மா. செந்துறைப் பக்கம். என்னைய விட நாலஞ்சு வயசு சின்னவளா இருப்பா, பாத்தா என்னைய விட மூத்தவ மாதிரி இருப்பா. புருஷன் செத்ததும் கொழுந்தன் வீட்டப் பூட்டிக்கிட்டான். டீக்கடையில கிளாஸ் கழுவுவா. மவன் செல்வராசு. இருபத்தஞ்சு வயசு இருக்கும், ஆனா மூணு வயசுப் பிள்ளைதான். வலிப்பு வேற. அவ கிளாஸ் கழுவறப்ப முந்தானையப் புடிச்சுக்கிட்டுப் பக்கத்துலயே குந்தியிருப்பான். பஸ்ஸு வந்தா கை தட்டுவான். வேற ஒரு தொந்தரவும் கெடையாது.

தங்குமிடத்தப் பத்தி நான் பத்து நிமிஷம் பேசுனேன். கட்டிலு, சாப்பாடு, பூட்டற பெட்டி. அவ கிளாஸக் கழுவிக்கிட்டே கேட்டா.

"எல்லாஞ் சரிங்க மேடம். இவன எங்க உடறது?"

"அவன உள்ள விட முடியாது பூங்காவனம். பொம்பளைங்க மட்டும்தான்."

"இவன் என்னா செருப்பா மேடம், வாசல்ல கழட்டி உட்டுட்டு உள்ள வர்றதுக்கு?"

நான் ஆபீசுக்கு வந்து கமிஷனர்கிட்ட கேட்டேன். "விதியில எடம் இருக்கான்னு பாருங்கம்மா"ன்னாரு. புஸ்தகத்த வச்சுக்கிட்டு ஒரு சாயங்காலம் முழுக்க உக்காந்தேன். எடம் இருந்துச்சு. அம்மாவும் ஊனமுள்ள பிள்ளையும் குடும்பத் தங்குமிடத்துல ஒண்ணா இருக்கலாம், எந்த வயசுன்னாலும் பரவால்லன்னு தெளிவாப் போட்டிருந்துச்சு. குடும்பத் தங்குமிடம் கேக்கணும்னா கணக்கெடுப்புல குடும்பம் இருக்கணும். எங்க கணக்கெடுப்புல குடும்பமே இல்ல. அந்தப் பக்கத்தத் தொறந்து வச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் இருந்தேன்னு தெரியல. கூட்டல் சரியா வந்துச்சுன்னு போயி நின்னேனே, அந்தப் புள்ளிக்கு அர்த்தம் அப்பதான் என் மண்டையில ஏறுச்சு.

அப்பவாவது உண்மைய எழுதியிருக்கலாம். கணக்கெடுப்பு தப்பு, மறுபடி எடுக்கணும்னு ஒரு குறிப்பு எழுதியிருந்தா, எனக்கு ஒரு மெமோ வந்திருக்கும். அவ்வளவுதான் நடந்திருக்கும். தங்குமிடத்துக் காப்பாளரக் கெஞ்சிப் பாத்தேன், பின்னாடி இருக்கற சாமான் ரூம்ல இவங்க ரெண்டு பேரையும் விடேன்னு. மத்த பொம்பளைங்க பயந்தாங்க. வயசுப் பையன், சமயத்துல துணிய அவுத்துப் போட்டுடறான். அவங்களக் குத்தம் சொல்ல எனக்கு வாய் இல்ல.

பெரம்பலூர் தாண்டி ஹைவேஸ் ஓரத்துல இந்த மாதிரி ஆம்பளைங்களுக்குன்னு ஒரு இல்லம் இருக்குன்னு விசாரிச்சு வச்சேன். போன்ல பேசுனவரு தன்மையாத்தான் பேசுனாரு.

"எடுத்துக்கறோம் மேடம். ஆனா பெத்தவங்க இருந்தா எடுக்கறதில்ல. யாருமே இல்லாதவங்களுக்கே எடம் பத்தல. உறவினர் யாரும் இல்லைன்னு நகராட்சில இருந்து ஒரு லெட்டர் குடுங்க, கூட்டிட்டு வாங்க."

நான் லெட்டர டைப் பண்ணுனேன். "மேற்படி நபருக்கு உறவினர் எவரும் இல்லை என்பது நகராட்சிக் கணக்கெடுப்பில் தெரியவருகிறது." கூடவே அவனோட ஃபாரத்த ஜெராக்ஸ் எடுத்து வச்சேன். தனிநபர்னு டிக் அடிச்ச ஃபாரம். கமிஷனர் ஸ்கேல வச்சுப் படிச்சாரு.

"அந்த பஸ் ஸ்டாண்டு அம்மா யாரும்மா அப்ப?"

"ஃபாரத்துல தனிநபர்னுதான் சார் இருக்கு."

அவரு ஜன்னல் பக்கம் பாத்தாரு. இந்தத் தடவ புள்ளி கூட வைக்கல. பென்சில மேசையில வச்சுட்டு, "இது உங்க கையெழுத்துலயே போகட்டும்மா"ன்னாரு. நல்ல மனுஷன்தான். இன்னைக்கும் நான் அப்படித்தான் சொல்லுவேன். ஆனா அந்த ஒரு வார்த்தைய மட்டும் என்னால மன்னிக்க முடியல. நான் கையெழுத்துப் போட்டேன்.

பூங்காவனத்த சம்மதிக்க வைக்க மூணு நாளாச்சு. ஆறே மாசம், அதுக்குள்ள குடும்பத் தங்குமிடம் வாங்கிடலாம், ரெண்டு பேரையும் ஒண்ணாச் சேத்து வச்சுடறேன்னு சொன்னேன். பொய் இல்ல, நானும் நம்புனேன். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போயிப் பாத்துக்க, பஸ்ஸு இருக்குன்னு சொன்னேன். அப்புறம் சொன்னேன்: "அங்க போயி அம்மான்னு சொல்லிடாத. சொன்னா அவனத் திருப்பி அனுப்பிடுவாங்க. ஊர்க்காரங்க, தெரிஞ்சவங்கன்னு சொல்லு."

"பெத்தவ நானே பெக்கலேன்னு சொல்லணுமா மேடம்?"

"ஆறு மாசத்துக்குத்தான்."

நகராட்சி ஜீப்புல கூட்டிட்டுப் போனோம். செல்வராசுக்கு ஒரே குஷி. வழியெல்லாம் லாரியப் பாத்துக் கை தட்டிக்கிட்டே வந்தான். பூங்காவனம் அவன் சட்டையப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. இல்லத்துல கையெழுத்தெல்லாம் முடிஞ்சு நாங்க கிளம்பறப்ப முந்தானைய விட மாட்டேன்னுட்டான். அங்க இருந்த ஆயா வந்து வெரலப் பிரிச்சாங்க. அம்மா அம்மான்னு கத்துனான். "இவங்க யாரு?"ன்னு ஆயா என்னையக் கேட்டாங்க. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள பூங்காவனமே சொன்னா, "ஊர்க்காரங்கம்மா. பாவம்னு வந்தேன்."

பஸ் ஸ்டாண்டு விழா ஜோரா நடந்துச்சு. பளபளன்னு தரை, ஒரு ஆளு கூடப் படுத்திருக்கல. பூங்காவனம் தங்குமிடத்துக்கு வந்துட்டா. திங்கட்கிழமை திங்கட்கிழமை நான் அங்க போறப்ப மொத நாளு போயிட்டு வந்த கதையச் சொல்லுவா. "கஞ்சி ஊட்டுனா துப்பறானாம் மேடம். நான் ஊட்டுனேன், தின்னுட்டான். என்னையப் பாத்து அம்மா அம்மாங்கறான். அந்த ஆயா சொல்லுது, இவன் எல்லாரையுமே அம்மாம்பான்னு." சொல்லிட்டுச் சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே முந்தானையால வாயப் பொத்திக்கிட்டா. நான் ரிஜிஸ்டரப் பாக்கற மாதிரிக் குனிஞ்சுக்கிட்டேன். குடும்பத் தங்குமிடத்துக்கு ஒரு கடிதம் அனுப்பியிருந்தேன். புதுக் கணக்கெடுப்பு வர்றப்ப பரிசீலிக்கப்படும்னு பதில் வந்திருந்துச்சு. அத அவகிட்ட நான் சொல்லல.

ஒரு செவ்வாக்கிழமை அவனுக்கு வலிப்பு வந்து நிக்கவே இல்லையாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க. ராத்திரி தாங்கல. உறவினர் யாரும் இல்லைன்னு ஃபைல்ல இருக்கு, யாருக்குச் சொல்லுவாங்க? முறைப்படி எழுதிக் குடுத்து, மறுநாளு அவங்களே அடக்கம் பண்ணிட்டாங்க. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. தெரிஞ்சவங்கன்னு ஞாயித்துக்கிழமை வந்து போற ஒருத்திக்குத் தகவல் சொல்லணும்னு எந்த விதியும் இல்ல.

ஞாயித்துக்கிழமை அவிச்ச கடலையக் கட்டி எடுத்துக்கிட்டு அவ போயிருக்கா. விஷயத்தக் கேட்டதும் நான்தான் அவன் அம்மான்னு அங்கயே வுழுந்து கத்தியிருக்கா. அவங்க ஃபைல எடுத்துக் காமிச்சு, இல்லம்மா, அவருக்கு யாரும் இல்லைன்னு நகராட்சி லெட்டரே இருக்குன்னு சொல்லியிருக்காங்க. எங்க பொதைச்சீங்கன்னு கேட்டதுக்கு, யாருன்னு தெரியாம எப்படிச் சொல்றதுன்னுட்டாங்க.

மறுநாளு காலையில நான் ஆபீஸ் போறப்ப அவ என் சீட்டுக்கு முன்னாடி நின்னுக்கிட்டு இருந்தா. அழுவல. அன்னைக்குத்தான் மொத மொதல்ல என்னைய நீன்னா.

"நீ என்னான்னு எழுதிக் குடுத்த? வாசிச்சுக் காட்டு."

நான் உக்காரச் சொன்னேன். உக்காரல. ஆபீஸ் காப்பிய எடுத்து வாசிச்சேன். நான் பாதியில நிறுத்துனதும், "மிச்சத்தையும் வாசி"ன்னா. முழுசாக் கேட்டுட்டு, "நல்லா எழுதியிருக்க"ன்னா. அப்புறம், "நான் அம்மான்னு இப்ப எழுதிக் குடு. பொதைச்ச எடத்தக் காட்டுவாங்க"ன்னா.

இறப்புச் சான்றிதழ்ல அம்மா பேரு இருக்கற எடத்துல "தெரியவில்லை"ன்னு போட்டிருந்துச்சு. அதத் திருத்தணும்னா என்னோட மொத லெட்டர் பொய்னு நான் எழுதிக் குடுக்கணும். கமிஷனர்கிட்ட போனேன். ரொம்ப நேரம் கேட்டாரு. கடைசில, "ரிட்டையர்மெண்டுக்கு எவ்வளவு நாளும்மா இருக்கு?"ன்னு கேட்டாரு. "நாலு மாசம் சார்." அவரு ஃபைல மூடி என் பக்கம் நகத்துனாரு.

பயந்துட்டேன். வேற என்ன சொல்ல. விசாரணைன்னு ஆரம்பிச்சா பென்ஷன நிறுத்தி வைப்பாங்க, வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் நடந்துக்கிட்டு இருந்துச்சு. இதெல்லாம் உண்மைதான். ஆனா அவ திங்கட்கிழமை திங்கட்கிழமை வந்து நின்னாளே, அதுவும் உண்மை. சார் லீவு, மேல அனுப்பியிருக்கேன், அடுத்த வாரம் வந்துடும். வாயில வந்ததெல்லாம் சொன்னேன். அப்புறம் அவ கேக்கறத விட்டுட்டா. எனக்கு நிம்மதியா இருந்துச்சு. த்தூ, அதையும் எழுதிடறேன், நிம்மதியாத்தான் இருந்துச்சு.

எனக்கு வழியனுப்பு விழா நடத்துனாங்க. சால்வை போட்டாங்க. மூணே நாள்ல கணக்கெடுப்ப முடிச்ச மேடம்னு பேசுனாங்க. தங்குமிடத்துப் பொம்பளைங்களையும் கூட்டிட்டு வந்திருந்தாங்க. பூங்காவனம் வரிசையில மூணாவதா நின்னு மத்தவங்களோட சேந்து கை தட்டுனா.

பென்ஷன் ஆர்டர் கைக்கு வந்தப்புறம்தான் போனேன். அதுவரைக்கும் காத்திருந்தேன், மறைக்க ஒண்ணும் இல்ல. தங்குமிடத்துக்குப் போயி, "வா, எழுதிக் குடுத்துட்டு வந்துடலாம்"னேன். அவ ஏன்னும் கேக்கல, இப்பதான் வழி தெரிஞ்சுதான்னும் கேக்கல. சீலைய மாத்திக்கிட்டு வந்தா. பஸ்ஸுல பக்கத்துல பக்கத்துல உக்காந்து போனோம்.

இறப்புப் பதிவு பாக்கற அதிகாரி சின்ன வயசுக்காரரு. நான் முன்னாடியே போன்ல சொல்லியிருந்ததால இல்லத்துல இருந்து ஃபைல வரவழைச்சு வச்சிருந்தாரு. நான் அவரு முன்னாடியே உக்காந்து எழுதுனேன். மேற்படிக் கடிதத்தில் நான் குறிப்பிட்டது பொய், இறந்தவரின் தாய் உயிரோடு இருக்கிறார், இது எழுதும்போதே எனக்குத் தெரியும். அவரு படிச்சுட்டு, "மேடம், இது உங்களுக்கு எதிராத்தான் வரும். பென்ஷன்ல கை வைப்பாங்க"ன்னாரு. "தெரியும் சார்"னேன். "சான்றிதழ் மாற நாளாவும். எடத்தக் காட்டச் சொல்லி நான் இன்னைக்கே எழுதித் தரேன்"னாரு. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்துச்சு.

"ஒரு நடைமுறைம்மா. போட்டோவப் பாத்து அடையாளம் சொல்லணும்"னு ஆஸ்பத்திரில எடுத்த படத்த அவகிட்ட நீட்டுனாரு. பூங்காவனம் அத வாங்கித் தள்ளி வச்சுப் பாத்தா, கிட்ட வச்சுப் பாத்தா. வெரலால தலையத் தடவுனா.

"இவன்தான். முடிய ஒட்ட வெட்டியிருக்காங்களே."

"இல்லத்துல எல்லாருக்கும் வெட்டி விடுவாங்கம்மா, சுத்தமா இருக்கணும்ல."

"கத்திரியக் கண்டா வலிப்பு வந்துரும் சார் இவனுக்கு. தூங்கையிலதான் வெட்டுவேன், ஒரு பக்கம் இன்னிக்கி, ஒரு பக்கம் நாளைக்கி." என் பக்கம் திரும்புனா. "நீ இத அவங்ககிட்ட சொல்லலையா?"

நான் சொல்லல. எனக்கு அது தெரியாது. சேக்கப் போன அன்னைக்கு, இவரப் பத்தி நாங்க கவனிச்சுக்க வேண்டியது ஏதாவது உண்டான்னு அங்க கேட்டாங்க. அவளப் பக்கத்துல நிக்க வச்சுக்கிட்டு, ஒண்ணும் இல்லைன்னு நான்தான் பதில் சொன்னேன்.